இதயத்தில் கேயாஸா?

கேள்வி: அப்பாவுக்கு இசிஜி எடுத்ததில் துடிப்பு ஒழுங்கில்லை என்றார்கள். இதைக் கேயாஸ் என்கிறார்களே, அப்படியென்றால் வெறும் தாறுமாறுதானே?
- வாசகி, முதலியார்பேட்டை, புதுச்சேரி

பதில்: இல்லைங்க. கேயாஸில் விதி உண்டு, ஆனால் தொடக்கத்தில் துளி மாறினாலும் கொஞ்ச நேரத்தில் போக்கே வேறாகிவிடும். அந்த விதியைப் பிடித்துக்கொண்டுதான் 1992-இல் அமெரிக்காவில் கார்ஃபிங்கெல் என்ற ஆய்வாளரின் குழுவினர், முயல் இதயத்தின் தசைத் துண்டில் மருந்தால் துடிப்பைக் குலைத்துவிட்டு, அப்புறம் கணினி கணித்துச் சொன்ன கணத்தில் மட்டும் சின்ன மின்துடிப்பு கொடுத்துப் பல தடவை வழிக்குக் கொண்டுவந்தார்கள். அழகான வேலை! ஆனால் அது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. எல்லாத் தாளப்பிசகும் கேயாஸ்தானா என்பதில் விஞ்ஞானிகளுக்குள்ளேயே சண்டை. அது கிடக்கட்டும், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயத்தின் மேலறைகள் ஒழுங்கில்லாமல் படபடக்கும் கோளாறு என்றால் ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம். இசிஜி தாளோடு அப்பாவை ஜிப்மரில் காட்டிவிடுங்கள்.