வயிற்றில் புழு இருந்தால் பிள்ளைக்குத் தடுப்பூசி பலிக்காதா?

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கிறேன். மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை தெரிந்தது. ஹீமோகுளோபின் 9.2. கிராம சுகாதார செவிலியர் பூச்சி மாத்திரை கொடுத்தார். பிள்ளைத்தாய்ச்சி அதைத் தொடக்கூடாது என்கிறார் மாமியார். தாய்க்குப் புழு இருந்தால் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தி குறையும், தடுப்பூசி பலிக்காது என்றும் படித்தேன். பயமாக இருக்கிறது, டாக்டர்.
– ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: மாத்திரையைச் சாப்பிடுங்கள், அம்மா. மாமியாரின் பயத்திலும் நியாயம் உண்டு. முதல் மூன்று மாதங்களில் இதைக் கொடுப்பதில்லை. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், ஒரே வேளை, மென்று விழுங்க வேண்டும்.

நீங்கள் படித்தது வெறும் கட்டுக்கதை அல்ல. புழு தாயின் உடம்பில் கிடந்தாலும், அது உதிர்க்கும் புரதங்களின் தடம் கருவரை எட்டுகிறது. கென்யாவின் கடலோரத்தில், யானைக்கால் புழுவோ, ரத்தக் குழாய்களில் வாழும் சிஸ்டோசோமா புழுவோ இருந்த தாய்மார்களின் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். சில குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்த அணுக்கள் அந்தப் புழுக்களை முன்பே அறிந்தவைபோல் வினைபுரிந்தன. அந்தக் குழந்தைகளிடம் காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசி எழுப்பிய எதிர்ப்பு பிறகு வலுக்குறைந்திருந்தது.

அப்படியானால் கர்ப்பத்திலேயே புழுவை ஒழித்தால் பிள்ளைக்கு ஊசி நன்றாகப் பிடிக்க வேண்டுமல்லவா? உகாண்டாவின் என்டெபெயில் 2003 முதல் 2005 வரை 2,507 கர்ப்பிணிகளைச் சேர்த்து இதைச் சோதித்தார்கள். சிலருக்குப் புழு மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. பிள்ளைகளுக்கு ஒரு வயதானபோது பார்த்தால், பி.சி.ஜி., டெட்டனஸ், தட்டம்மை ஊசிகளுக்கு அவர்கள் காட்டிய எதிர்ப்பில் வேறுபாடு இல்லை. மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா வந்ததிலும் இல்லை. அல்பெண்டசோல் சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்குக் கரப்பான் என்ற தோல் அரிப்பு நோய் மட்டும் கூடுதலாக வந்தது. அதற்காக நான் இந்த மாத்திரையைத் தடுக்க மாட்டேன். கரப்பானுக்கு வைத்தியம் உண்டு.

நச்சுக்கொடியில் மலேரியா தங்குவது வேறு விஷயம். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போக வேண்டிய எதிர்ப்புப் புரதங்களையே அது குறைத்துவிடும். கர்ப்ப காலத்தில் குளிர்காய்ச்சல் வந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாமல் ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

உங்கள் விஷயத்தில் எனக்குக் கவலை தருவது அந்த 9.2தான். பதினொன்றாவது இருக்க வேண்டும். ஒரு புழு குடிக்கும் ரத்தம் சொற்பம். நூற்றுக்கணக்கில் இருந்தால் இரும்புச்சத்து கரைந்துபோகும். ரத்தசோகையோடு பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்குச் சிறிய ரத்தப்போக்குகூட ஆபத்து. இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடுங்கள், டீ காபியோடு மட்டும் வேண்டாம். கொக்கிப்புழு பெரும்பாலும் மண்ணிலிருந்து பாதத்தைத் துளைத்து ஏறுகிறது. தோட்டத்தில் செருப்போடு நில்லுங்கள். உடன் பூப் பறிக்கும் பெண்களிடமும் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபினை மறுபடி பார்க்கச் சொல்லிச் செவிலியரிடம் கேளுங்கள். ஏறவில்லை என்றால் ஊசி மூலம் இரும்புச்சத்து ஏற்றலாம்.

பிள்ளை பிறந்ததும் பி.சி.ஜி.யும் ஹெபடைடிஸ் பி ஊசியும், ஆறாவது வாரத்திலிருந்து மற்ற ஊசிகள். உங்களுக்குப் புழு இருந்தது என்பதற்காக எதையும் தள்ளிப்போட வேண்டியதில்லை.