ஆனைக்கென்று சொல்லி, கதவுக்குப் பின்னால் துவக்கு

கேள்வி: வெல்லாவெளிப் பக்கம் எங்கள் வட்டை, அதாவது வயல்வெளி. மாமாவிடம் பயிர்க்காவலுக்கென அனுமதிப்பத்திரத்தோடு 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல் சொட்கன் துவக்கு இருக்கிறது. பெரும்போகத்தில் இரவில் ஆனை வருவதால் தோட்டா போட்டபடியே கதவுக்குப் பின்னால் சாத்தி வைக்கிறோம். மகனுக்கு எட்டு வயது, தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறோம். பூட்டி வைத்தால் அவசரத்துக்கு எடுக்கலாமா?

பதில்: எந்த அவசரத்துக்கு? ஆனையைச் சுடவா? பயிர்க்காவல் அனுமதியில் அது அடங்காது. சுட்டால் 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் மாமா மறியலுக்குப் போவார். பன்றிக்குப் போடும் தோட்டா ஆனையைச் சாய்க்கவும் மாட்டாது, காயப்படுத்தி வெறியேற்றும். ஆனைக்கு வனசீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் ஆனைவெடி இருக்கிறது. பன்றியோ வட்டையில்தான் நிற்கும், உங்கள் கதவடியில் அல்ல.

எட்டு வயதுப் பிள்ளைக்குத் தொடாதே என்பது பூட்டு ஆகாது. சேப்டி, அதாவது வெடிக்காமல் தடுக்கும் தடுப்பு, போட்டிருக்கிறது என்பீர்கள். பல சொட்கன்களில் அது விசையை மட்டும்தான் தடுக்கும். உள்ளே சுத்தியல் இழுபட்டபடியே நிற்கும். தேய்ந்த பழைய துவக்கு சரிந்து நிலத்தில் அடிபட்டால் விசையைத் தொடாமலே வெடிக்கலாம்.

வீட்டுக்குள் வருமுன், முற்றத்திலேயே, குழல்வாயை ஆளில்லாத பக்கம் பிடித்து துவக்கின் மேலேயுள்ள நெம்பைத் தள்ளிக் குழலைக் கீழே மடியுங்கள். தோட்டாவை எடுங்கள். இரண்டு குழலுக்குள்ளும் வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு முன்கட்டையை, அதாவது குழலுக்குக் கீழே கை பிடிக்கும் கட்டையை, கழற்றினால் குழல் தனியாக வந்துவிடும். குழலை இரும்பு அலுமாரியிலும் முன்கட்டையை வேறிடத்திலும் வையுங்கள். ஒன்று கிடைத்தவனுக்கும் துவக்கு கிடைக்காது. அலுமாரியை உள்ளிருந்து சுவரோடு போல்ட் போட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் கள்ளன் அலுமாரியோடு தூக்கிப் போவான். தோட்டாவுக்கு வேறு பெட்டி, வேறு ஆமைப்பூட்டு. திறப்பு மாமாவின் இடுப்பில் இருக்கட்டும். தலையணைக்கு அடி பிள்ளைகள் முதலில் தேடும் இடம். விசைப்பூட்டு வாங்கினால் வெறுந்துவக்குக்கு மட்டும் மாட்டுங்கள், தோட்டா உள்ளே இருக்கும்போது பூட்டே விசையை அமுக்கக்கூடும்.

துணியுறையில் சுற்றி வைக்காதீர்கள். வாவிக்காற்றின் ஈரத்தைத் துணி பிடித்து வைக்கும், குழல் துருவேறும். தேங்காயெண்ணெய் பிசினாகிவிடும், தையல் மெசின் எண்ணெய் மெல்லப் பூசினால் போதும். வயற்குடிசையான வாடியில் நின்ற துவக்கென்றால் இன்னும் கவனம். குழலுக்குள் குளவி மண்கூடு கட்டும். அதைப் பார்க்காமல் வெடித்தால் குழல் பிளந்து, முன்கட்டையைப் பிடித்த விரல்கள் போகும். 12 போரைவிட ஒடுங்கிய 20 போர் தோட்டா ஒன்று கலந்திருந்தாலும் இதே கதிதான். அது 12 போர் அறைக்குள் வழுகிப்போய் முன்னால் சிக்கி நிற்கும். அறை வெறுமை என்று நினைத்து அடுத்ததைப் போட்டு வெடிப்பீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. "வைக்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி பத்திரம் ஆளுக்குரியது, வீட்டுக்குரியது அல்ல. ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 31க்குள் புதுப்பிக்கவும் வேண்டும். மாமா வீட்டிலிருக்க இரவுக்காவலுக்கு நீங்கள் தூக்கிப் போவதானால், முதலில் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போய் உங்கள் பெயரில் விண்ணப்பம் போடுங்கள்.