பள்ளத்தாக்கில் மழை, மேலே பனி: இமயமலைக் குளிர்காலம் பற்றிக் கேள்வி பதில்

காஷ்மீர், ஹிமாசலப் பள்ளத்தாக்குகளின் குளிர்கால மழை, பனி பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். வானிலை வேலையாகப் பதினான்கு குளிர்காலங்கள் அந்த மலைகளில் இருந்தவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நமக்கு மார்கழிக் காலையில் புல்லில் இருக்கும் ஈரமும் பனி, ஊட்டியில் புல்வெளி வெளுத்துக் கிடப்பதும் பனி, காஷ்மீரின் குல்மார்க்கில் பஞ்சு பஞ்சாகக் கொட்டுவதும் பனி. இந்தப் பதில்களில் பனி என்றால் வானத்திலிருந்து விழுவது மட்டும். தரையில் உறைவதை உறைபனி என்றே எழுதுகிறேன்.

கேள்வி (ஈரோடு): ஜனவரியில் குடும்பத்தோடு மணாலி போகிறோம் சார். செல்போனில் பார்த்தால் குலுவுக்கு மழை, 5 டிகிரி என்று காட்டுகிறது. பனி பார்க்க முடியாதா?

பார்க்க வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. குலு ஏறக்குறைய 1,280 மீட்டர் உயரம். மணாலி 2,050 மீட்டர். இரண்டுக்கும் நடுவில் சாலை வழியே 40 கிலோமீட்டர் என்றாலும், உயரத்தில் 770 மீட்டர் வித்தியாசம். ஒரு கிலோமீட்டர் மேலே போனால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: குலுவில் 5 டிகிரி என்றால் மணாலியில் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடும். ஒரே மேகம்தான், கீழே மழையாகவும் மேலே பனியாகவும் விழுகிறது. மலைச்சரிவைப் பார்த்தால் கோடு போட்ட மாதிரி ஓர் உயரத்துக்கு மேலே வெள்ளை, கீழே பச்சை என்று தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கோடு ஒரே இடத்தில் நிற்காது. விழும் பனி கீழே உருகும்போது சுற்றியிருக்கும் காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் பனி உருக 80 கலோரி வேண்டும். கனமாகப் பொழியும்போது மணிக்கணக்கில் இப்படி வெப்பம் போய்க்கொண்டே இருந்தால், காற்று மெல்ல மெல்லப் பூஜ்யத்துக்கு இறங்கும். குறுகிய பள்ளத்தாக்கில் இது இன்னும் வேகமாக நடக்கும். இரண்டு பக்கமும் மலைச்சுவர், நடுவில் குளிர வேண்டிய காற்று கொஞ்சம்தான். அதனால்தான் மாலையில் சலசலவென்று மழை பெய்துகொண்டிருந்த ஊரில், நடு இரவில் சத்தமே இல்லாமல் போகும். எழுந்து ஜன்னலைத் திறந்தால் பனி. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

தூறல் மட்டும் போட்டால் இந்த மாற்றம் நடக்காமலும் போகலாம். ஆகவே குலுவின் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள், எவ்வளவு பொழியும் என்றும் பாருங்கள்.

கேள்வி (மதுரை, கல்லூரி மாணவர்): நமக்கு வங்கக் கடல் இருக்கிறது, மழை வருகிறது. காஷ்மீருக்குப் பக்கத்தில் கடலே இல்லையே. குளிர்காலத்தில் அங்கே எங்கிருந்து மழை?

நல்ல கேள்வி தம்பி. மேற்கிலிருந்து வருகிறது. மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக இமயமலைக்கு வந்து சேரும் அமைப்பை 'மேற்கத்திய இடையூறு' என்கிறோம். செய்தியில் 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்' என்று கேட்டிருப்பீர்கள்.

நம் புயலுக்கும் இதற்கும் அடிப்படையிலேயே வித்தியாசம். நம் புயல் வெதுவெதுப்பான கடல்நீரில் பிறந்து, அந்தச் சூட்டைத் தின்று வளரும். இதன் பலமோ மேல்காற்றில் இருக்கிறது. தரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி ஓடும் ஜெட் காற்றில் ஒரு வளைவு விழும். அந்த வளைவுதான் நகர்ந்து வருகிறது. வழியில் காஸ்பியன் கடலிலிருந்தும், நெருங்கும்போது அரபிக் கடலிலிருந்தும் ஈரத்தைச் சேர்த்துக்கொள்ளும். மலையில் மோதி மேலே ஏறும்போது அந்த ஈரமெல்லாம் கொட்டிவிடும். குளிர்காலத்தில் மாதத்துக்கு நான்கைந்து வரும், எல்லாமே பலமாக இருக்காது. பஞ்சாபின் கோதுமைக்கும் இந்த மழை பெரிய உதவி.

மலைத்தொடருக்கு அந்தப் பக்கம் போனால் கதை வேறு. லடாக்கின் லே நகரத்தில் வருடம் முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். முன்னால் நிற்கும் மலைகள் வடிகட்டிவிடுகின்றன. மணாலிக்கு வடக்கே மலையைக் குடைந்து 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை 9 கிலோமீட்டர் நீளம். மணாலிப் பக்கம் கொட்டும் பனியில் உள்ளே நுழைந்து, மலைக்கு அந்தப் புறம் லாஹௌல் பக்கம் வெறும் சாரலில் வெளியே வந்திருக்கிறேன்.

கேள்வி (திருச்சி): பனி விழும் நாளில்தான் குளிர் அதிகமாக இருக்குமா?

பெரும்பாலும் இல்லை. எல்லோரும் தவறாக நினைத்து ஏமாறும் இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இடையூறு வருவதற்கு முந்தைய நாள் தெற்கிலிருந்து இளஞ்சூடான காற்று வீசும். மேகம் மூடும். மேகம் கம்பளி மாதிரி, தரையின் வெப்பத்தை மேலே தப்ப விடாது. அதனால் பனி விழும் இரவில் வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டி ஒன்றிரண்டு டிகிரிக்குள் நிற்கும். உள்ளூர்க்காரர்கள் சாதாரணமாக நடமாடுவார்கள்.

இடையூறு கிழக்கே நகர்ந்ததும் வடமேற்குக் காற்று திரும்பும். வானம் கழுவிவிட்ட மாதிரி வெளுக்கும். பயணிகள் சந்தோஷப்படுவது அன்றைக்குத்தான், எனக்குப் பயம் வருவதும் அன்றைக்குத்தான். பகலில் வரும் வெயிலை வெள்ளைப் பனி திருப்பி அனுப்பிவிடும். இரவில் தடுக்க மேகம் இல்லாததால் தரையின் வெப்பம் எல்லாம் வானத்துக்குப் போய்விடும். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவுகளில் வழிந்து வந்து, கிண்ணத்தில் தண்ணீர் தேங்குவதுபோலப் பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். காஷ்மீர்ப் பள்ளத்தாக்கே ஒரு பெரிய கிண்ணம். அந்த மாதிரி இரவுகளில் ஸ்ரீநகருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் வீடு, நகரத்தைவிடக் குளிர் குறைவாக இருக்கும்.

இதற்குப் பனி விழுந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. 2024 டிசம்பர் 21 அதிகாலையில் ஸ்ரீநகரில் மைனஸ் 8.5 டிகிரி பதிவானது. ஐம்பது ஆண்டுகளில் டிசம்பரில் அவ்வளவு குளிர் இல்லை. தெளிந்த வானம், வறண்ட காற்று, அவ்வளவுதான். நகரத்தில் பனி விழுந்தது அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான். அந்த டிசம்பர் 21 'சில்லை கலான்' தொடங்கும் நாள். காஷ்மீரிகள் கணக்கில் அதுதான் பெருங்குளிர், 40 நாள். அப்புறம் 20 நாள் 'சில்லை குர்த்', கடைசியாக 10 நாள் 'சில்லை பச்சா'. சில்லை கலானில் விழும் பனி உறைந்து மலையில் தங்கிவிடும். கோடையில் ஓடைக்கும் வயலுக்கும் தண்ணீர் தருவது அதுதான்.

கேள்வி (கோத்தகிரி): எங்கள் தேயிலை உறைபனியில் கருகுவதும் இதே காரணத்தாலா?

ஆமாம், அச்சு அசல் அதேதான். மேகமில்லாத, காற்றில்லாத இரவு, பள்ளத்தில் தேங்கும் குளிர்காற்று. மேட்டிலுள்ள செடி தப்பி, கீழ்ப் பாத்தி கருகுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கேள்வி (நாமக்கல்): அண்ணா, எங்கள் லாரி ஆப்பிள் ஏற்ற ஸ்ரீநகர் போகும். ஜம்மு வழியில் பனியே இல்லாதபோதும் ரோட்டை மூடுகிறார்களே, ஏன்? டீசல் உறையுமா?

அந்த வழியில் இருக்கும் ராம்பன் பக்கம் ஏறக்குறைய 1,150 மீட்டர் உயரம்தான். அங்கே பெரும்பாலும் மழையாகத்தான் பெய்யும். அதுதான் தொல்லை. பனி என்றால் எந்திரத்தால் தள்ளிவிடலாம். மழையில் அந்த மலை மண்ணும் கல்லும் சரிந்துகொண்டே இருக்கும், ஒரு பக்கம் அள்ள அள்ள மறுபக்கம் விழும். காசிகுண்ட் போகும் எட்டரை கிலோமீட்டர் சுரங்கப்பாதை வந்தபிறகு கணவாய்ப் பனித் தொல்லை குறைந்தது. ஆனால் ராம்பன் சரிவு அப்படியே இருக்கிறது. மழை நின்றதும் கிளம்பச் சொல்லாதீர்கள். நனைந்த சரிவு காய ஒருநாள் கொடுங்கள்.

டீசல் விஷயம்: நம் ஊரில் போட்ட சாதா டீசலில் கடுங்குளிரில் மெழுகு திரண்டு வடிகட்டி அடைக்கும். லடாக்குக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019இல் கொண்டுவந்தது. ஸ்ரீநகரில் ஜனவரி இரவு நிற்க வேண்டியிருந்தால் தொட்டியில் நம் ஊர் டீசலைக் குறைத்துக்கொண்டு அங்கேயே நிரப்பச் சொல்லுங்கள். தொட்டிக்கு அடியில் தீ மூட்டும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்ய விடாதீர்கள்.

கேள்வி (வேலூர்): என் மகன் காஷ்மீரில் குப்வாரா பக்கம் ராணுவத்தில் இருக்கிறான் ஐயா. பனி என்று செய்தி வந்தாலே இரண்டு நாள் போன் வராது. நான் என்ன நினைத்துக்கொள்வது?

அம்மா, முதலில் இது: கனமான பனியில் மின்கம்பி அறுந்துவிடும், செல்போன் கோபுரத்தின் பேட்டரி தீர்ந்துவிடும். போன் வராததற்கு அநேகமாக அதுதான் காரணம். சாலை திறந்து மின்சாரம் வந்ததும் அழைப்பும் வரும்.

பனிச்சரிவு ஆபத்து உண்மைதான், இல்லை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள சரிவில், புதுப்பனி விழுந்த முதல் ஒன்றிரண்டு நாளில்தான் அது அதிகம். அதற்காகவே பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் கீழ் சண்டிகரில் ஒரு நிறுவனம் பனிச்சரிவு எச்சரிக்கை தருகிறது. எச்சரிக்கை இருக்கும்போது நடமாட்டத்தை நிறுத்துவார்கள், எந்தச் சரிவில் எப்போது போகக்கூடாது என்று பயிற்சியும் கொடுத்திருப்பார்கள். அடுத்த முறை பேசும்போது, பனிக்காலத்தில் எத்தனை நாள் போன் வராமல் இருக்கக்கூடும் என்று அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காத்திருப்பது கொஞ்சம் எளிதாகும்.

கேள்வி (பெங்களூரு): பனியில் கார் மாட்டிக்கொண்டால் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருக்கலாமா?

உள்ளே இருப்பது சரி. என்ஜினை ஓடவிட்டுத் தூங்குவது கூடாது. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரீ மலைநகரில் ஒரே இரவில் 20க்கும் மேற்பட்டவர்கள் கார்களுக்குள்ளேயே இறந்தார்கள். பனி பார்க்க வந்த குடும்பங்கள். குளிரோடு, கார்பன் மோனாக்சைடு நச்சும் காரணம். புகைபோக்கியைப் பனி மூடினால் புகை வண்டிக்குள் திரும்பும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, தூக்கம் வருவதுபோலத்தான் இருக்கும். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் என்ஜினைப் போடுங்கள். போடுவதற்கு முன் இறங்கிப் புகைபோக்கியைச் சுற்றிப் பனியை அகற்றுங்கள். ஒரு ஜன்னலை விரல் அளவு திறந்து வையுங்கள். விடுதி அறையில் கரியடுப்பு, கேஸ் ஹீட்டர் வைத்தாலும் இதே விதி, தூங்குமுன் அணைத்துவிட வேண்டும்.

2024 டிசம்பர் 27 அன்று மணாலிக்கு மேலே சோலாங் பகுதியில் ஏறக்குறைய 5,000 பயணிகள் பனியில் மாட்டினார்கள். போலீஸ் மீட்டது. வானிலைத் துறை ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுத்த நாளில் மேலே ஏறாதீர்கள். பயணத் திட்டத்தில் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சென்னை): பனி வருடா வருடம் குறைகிறது என்கிறார்களே?

2024 ஜனவரியில் குல்மார்க் புல்தரையாகக் கிடந்ததை மறக்க முடியாது. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. ஒரு வருடத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆனால் இந்தக் கணக்கு எளியது: காற்று ஒரு டிகிரி சூடானால் மழைக்கும் பனிக்கும் நடுவிலுள்ள கோடு ஏறக்குறைய 150 மீட்டர் மேலே ஏறும். கோட்டை ஒட்டியுள்ள ஊர்களில் பனி மழையாக மாறிவிடும். மழை அன்றே ஓடிவிடுகிறது, பனி மே மாதம் வரை காத்திருந்து தண்ணீர் தருகிறது. என் கவலை அந்த விவசாயிகளைப் பற்றித்தான். பருவம் தவறி வந்தாலும் கஷ்டம்: 2018, 2019 இரண்டு வருடமும் நவம்பர் தொடக்கத்திலேயே கனத்த பனி கொட்டியது. இலை உதிராத ஆப்பிள் மரங்கள் பாரம் தாங்காமல் கிளை பிளந்து நின்றன.

கேள்வி (தூத்துக்குடி): தால் ஏரி உறைந்தால் அதன்மேல் நடக்கலாமா? குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள்.

வேண்டவே வேண்டாம். கரையோரம் கெட்டியாகத் தெரிந்தாலும் நாலடி தள்ளி மெல்லிசாக இருக்கும். விடியற்காலையில் குழந்தைகளைக் கரைக்கு அழைத்துப் போங்கள். ஷிகாரா படகுக்காரர்கள் துடுப்பால் பனிக்கட்டியை உடைத்து உடைத்து வழி போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்கட்டும்.