உளு விழுந்த மாவிறகு

கேள்வி: ஆடிக் காற்றில் சாய்ந்த எங்கள் மாமரத்தை அறுத்துக் கொல்லைக் கொட்டகையில் விறகாக அடுக்கினோம். இப்போது கார்த்திகையில் கட்டைகளுக்கு அடியில் மாவு போன்ற தூள் குவிகிறது. குண்டூசித் தலையளவு துளைகளும் தெரிகின்றன. மருந்து தெளிக்கலாமா? தேக்குக் கதவுகளுக்கும் பரவுமா?
– வாசகி, திண்டிவனம்

பதில்: மருந்து வேண்டாம். துளைகள் வண்டுகள் போய்வந்த வழிகள் மட்டுமே; அவற்றின் புழுக்கள் கட்டையின் உள்ளே இருப்பதால் மேலே தெளிப்பது அவற்றை எட்டாது. அந்த நஞ்சு அடுப்பில் புகையாகிச் சமைப்பவரின் மூச்சில்தான் கலக்கும்.

நீங்கள் கூறும் அடையாளங்கள் மரத்தைத் தின்று தூளாக்கும் சிறு வண்டான உளுவுக்கு உரியவை. கறையானாக இருந்தால் தரையிலிருந்து ஏறும் மண் தடம் தெரியும். இப்படித் தூள் கொட்டாது. உளு வண்டுகள் மரத்தில் தேங்கியுள்ள மாவுச்சத்தை நாடி வருபவை. மூங்கிலையும் மாம்பலகையையும் முன்னோர் குளத்து நீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டது இந்தச் சத்தைக் கரைப்பதற்காகவே. எரிக்கப்போகும் விறகுக்கு அந்தப் பாடு தேவையில்லை.

தேக்கின் வைரப் பகுதியை, அதாவது கருத்த உள்மரத்தை, உளு தொடுவதில்லை. கதவுச் சட்டத்தின் ஓரத்தில் வெளிறிய மேல்மரம் விடுபட்டிருந்தால், அங்கு மட்டும் வார்னிஷ் பூசி மரத்தின் நுண்துளைகளை அடைத்துவிடுங்கள். உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியவை மூங்கில் ஏணியும் முறமும் மாம்பலகைப் பெட்டியும்தான். அவை கொட்டகையில் இருந்தால் இன்றே அகற்றிவிடுங்கள்.

உருளையாகக் கிடக்கும் கட்டைகளைப் பட்டை உரித்துப் பிளந்து, செங்கல்மேல் கம்புகளிட்டு, காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டு அடுக்குங்கள். மழைக்கு மேற்புறத்தை மட்டும் தகரத்தால் மூடினால் போதும். பக்கங்களையும் தார்ப்பாயால் போர்த்தினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பட்டையை உரித்துவிடுவதால், பட்டைக்கடியில் முட்டையிடும் வேறு வண்டுகளுக்கு இடமில்லாமல் போகும். ஆனால் உளு காய்ந்த கட்டையிலும் பிழைக்கும் என்பதால், தை பிறந்து வெயில் ஏறினால் எல்லாம் செத்துவிடும் என்று இருந்துவிடாதீர்கள். ஏற்றுமதிக்கான மரப்பெட்டிகளை வெப்பமூட்டிப் பூச்சி நீக்கும்போது, மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் இருக்க வேண்டும் என்கிறது பன்னாட்டு விதி. முற்றத்து வெயில் தடித்த கட்டையின் நடுவை அவ்வளவு சுடுவது அரிது.

ஆகவே தூள் அதிகம் கொட்டும் கட்டைகளை முதலில் எரித்துத் தீர்த்துவிடுங்கள். உளுத்த விறகு சற்று விரைவில் எரிந்து போகும், சமையலுக்கு வேறு குறையில்லை. குவிந்த தூளையும் கூட்டி அடுப்பிலேயே இடுங்கள். புதிதாக வெட்டும் விறகை இந்த அடுக்கின் அருகில் வைக்காதீர்கள்.