வயர்லெஸ்ல பிஎச்டி செய்யிற மகனும் அவர்ட கடல் ஆசையும்

அக்கா, உங்கட பயம் விளங்குது. கூடப் படிச்ச பொடியங்கள் கொழும்புல வேலையெடுத்து வாகனமும் வாங்கிட்டாங்கள், இவர் இன்னும் வயர்லெஸ் நெட்வேர்க்ல பிஎச்டி எண்டு இருக்கிறார், லீவுக்கு வந்தாலும் திருகோணமலையில சல்லிக் கிராமத்துப் பக்கம் படகுக்காரரோட கடலுக்குப் போறதும் மிச்ச நேரம் பழைய ரேடியோவக் கழட்டிப் பூட்டுறதும்தான், எப்ப வேலை எப்ப கலியாணம் எண்டு கேக்கிறீங்க.

கடலையும் ரேடியோவையும் மட்டும் மறிச்சிடாதேங்கோ. அவர்ட ரிசர்ச்சுக்கு உயிரே அதுதான். படகுல 2 மீட்டர் உயரத்துல அன்டெனா வச்சா பூமி வளைவு சிக்னலைக் கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர்லயே மறைச்சிடும், அதையே மலையில 100 மீட்டர் உயரத்துல வச்சா 40 கிலோமீட்டர் வரைக்கும் போகும். அதோட தண்ணியில பட்டுத் தெறிச்சு வாற அலை, நேரா வாற அலையோட மோதி சிலநேரம் சிக்னலையே இல்லாமப் பண்ணிடும். இதை ஃபோர்முலாவா மட்டும் படிச்சவரும் படகு ஆடேக்க லப்டொப்புல கண்ணால பாத்தவரும் ஒண்டில்லை, இன்டர்வியூவுல ரெண்டு கேள்வியில தெரிஞ்சிடும்.

விஞ்ஞானக் கதை எழுதின ஆர்தர் சி கிளார்க்கைப் பாருங்கோ. பூமியோட சேந்து சுத்துற செய்மதி மூண்டு இருந்தா உலகம் முழுக்கத் தொடர்பு எடுக்கலாமெண்டு 1945ல வயர்லெஸ் வேர்ல்ட் சஞ்சிகையில எழுதினவர், அவர் 1956ல இலங்கைக்கு வந்ததே கடலுக்கடியில நீந்துற ஆசையிலதான், எங்கட கோணேசர் மலையடியிலயும் முழுகிப் பழைய கோயில் தூண்களைப் பாத்தவர்.

ரேடியோவில கதைக்கிறதெண்டா மட்டும் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிட்ட அமெச்சூர் லைசன்ஸ், அதாவது பொழுதுபோக்கா ரேடியோவில கதைக்கிற அனுமதி, எடுக்கச் சொல்லுங்கோ, சிவியில போடவும் உதவும்.

நீங்க யோசிக்க வேண்டியது வேற. ஸ்கொலர்ஷிப் காசு எந்த மாசம் வரைக்கும் வரும், ஜேர்னல்ல பேப்பர் வந்திட்டுதா, சுப்பர்வைசர் கடைசியா எப்ப அவர்ட சாப்டரை வாசிச்சவர், இதுகளைக் கேளுங்கோ. காசு நிண்ட பிறகும் தீசிஸ் இழுபடுறதுதான் பிள்ளையளை முறிக்கிறது, கடைசி வருசம் கடலைக் கொஞ்சம் குறைக்கத்தான் வேணும், அதை நானே அவரோட கதைக்கிறன். கம்ப்யூட்டர்ல மாதிரி ஓட்டிப் பாக்கிற சிமுலேஷன் மட்டும் செய்து முடிக்காம உண்மையான கருவியில ஓடின புரோகிராம் கையில இருந்தா மொபைல் கொம்பனியில ரேடியோ பிளானிங், கம்பஸ்ல லெக்சரர், வெளிநாட்டுல போஸ்ட்டொக் எண்ட பிஎச்டிக்குப் பிறகான ஆராய்ச்சி வேலை, சிப் செய்யிற கொம்பனி எண்டு எல்லாப் பக்கமும் விண்ணப்பம் போட்டுப் பாக்கலாம்.

சொந்தக்காரருக்கு முன்னால "எப்ப முடியும்" எண்டு மட்டும் கேக்காதேங்கோ அக்கா. லீவுக்கு வரேக்க சிவியையும் எழுதின சாப்டர்களையும் எடுத்துக்கொண்டு என்னட்ட வரச் சொல்லுங்கோ, இருந்து பாப்பம்.