ஒலியைக் குறைத்தாலும் வால்வு ரேடியோ உறுமுவது

உங்கள் வால்வு (வெற்றிடக் குழாய்) ரேடியோவின் மின்வழங்கிப் பகுதியில், மின்னேற்றத்தைச் சேமித்து மின்னலைவைச் சீராக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர்களைத்தான் முதலில் மாற்ற வேண்டும். ஒலிக்குமிழை முழுவதும் குறைத்த பின்னும் உறுமல் தொடர்வதாக எழுதியிருக்கிறீர்கள். எனவே பழுது அக்குமிழுக்கு முந்தைய பகுதியில் இருக்க வாய்ப்புக் குறைவு. பல ஆண்டுகளில் கப்பாசிட்டரின் உட்பசை உலர்ந்து கொள்ளளவு குறைந்துவிடுவதால், வடிகட்டப்படாத மின்னலைவு ஒலிபெருக்கி வரை வந்துவிடுகிறது.

மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, 450 வோல்ட் தாங்கும் 22 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றைப் பழையதற்கு இணையாக, நேர், எதிர் முனைகள் மாறாமல் பற்றவைத்து, பிறகு சில நிமிடம் மட்டும் இயக்கிப் பாருங்கள். உறுமல் அடங்கினால் காரணம் அதுவே. பழையதை அப்படியே விட்டுவிடாமல் கழற்றி, அதே அளவுள்ள புதியதைப் பொருத்துங்கள். மிகப் பெரிய அளவைப் போட்டால் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபயர் வால்வு கெட்டுவிடக்கூடும்.

அணைத்த பின்னும் கப்பாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். ரெசிஸ்டர் (மின்தடை) வழியே அதை வடித்து, மின்னழுத்தம் இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகே கை வையுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத ரேடியோவானால் பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டமான சேஸிஸிலேயே மின்சாரம் பாயலாம்.