பண்டைய எகிப்தியர்கள் எந்நேரமும் சாவையே நினைத்து வாழ்ந்தவர்களா?

பிரமிடு, மம்மி, கல்லறை ஓவியம் என்று நமக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி சாவு சம்பந்தப்பட்டது. அதனால் இந்தச் சந்தேகம் நியாயம்தான். கல்லறையைப் பாறையில் குடைந்தார்கள், நின்றது. வீட்டை மண் செங்கல்லில் கட்டினார்கள், நைல் கரையோரம் அது கரைந்தே போனது.

தப்பித்த ஊர்களில் ஒன்று தேர் எல்-மெதினா. லக்சர் நகருக்கு எதிரே, நைலின் மேற்குக் கரையில், கிணறுகூட இல்லாத பள்ளம். மன்னர்களின் கல்லறையைக் குடைந்த கல்வேலைக்காரர்களும் ஓவியர்களும் குடும்பத்தோடு 400 வருடங்களுக்கு மேல் அங்கே இருந்தார்கள். சாவுதான் அவர்களுக்குப் பிழைப்பு. ஆனால் கல் சில்லுகளிலும் பானை ஓடுகளிலும் அவர்கள் எழுதிப்போட்டதைப் பார்த்தால் வேறு ஆட்களாகத் தெரிகிறார்கள்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய வருகைப் பதிவேடு. (ஒரு மில்லில் டைம் ஆபீஸில் பல வருடம் உட்கார்ந்தவன், பழக்க தோஷம்.) இரண்டாம் ராம்சேசின் 40ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர், வராத நாள், அதற்கு மேலே சிவப்பு மையில் காரணம். தேள் கொட்டியது. கண் நோய். வீட்டில் மாதவிலக்கு. தாயின் உடலுக்குத் துணி சுற்றப் போனது ஒரு காரணம், பீர் காய்ச்சப் போனது இன்னொரு காரணம். இரண்டும் ஒரே பட்டியலில், ஒரே சிவப்பு மையில்.

மன்னரைத் தெய்வமாகத்தான் நினைத்தார்கள். ஆனால் படியளக்க வேண்டிய தெய்வம் படியளக்காவிட்டால்? மூன்றாம் ராம்சேசின் 29ஆம் ஆண்டில், அதாவது கி.மு. 12ஆம் நூற்றாண்டில், கூலித் தானியம் வரவில்லை. வேலையைப் போட்டுவிட்டுக் கோயிலின் பின்புறம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தது, துணியில்லை, மீனில்லை, காய்கறியில்லை, மன்னருக்கே எழுதுங்கள் என்றார்கள். நமக்குத் தெரிந்த வேலைநிறுத்தங்களில் இதுதான் மிகப் பழையது. அதைக் குறித்துவைத்த பாப்பிரஸ் ஏடு இத்தாலியின் டுரினில் இருக்கிறது.

சரி, நம்பிக்கை விஷயம். கர்னாக் போன்ற பெருங்கோயில்களின் கருவறைக்குள் சாமானியருக்கு இடமில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு நெருக்கமானவள் மெரெட்செகர் என்ற தேவி. ஊருக்கு மேலே நிற்கும் மலைமுகடுதான் அவள், பாம்பு வடிவம். நெஃபெராபு என்ற தொழிலாளி இன்னொரு தெய்வமான ப்தாவைப் பற்றிக் கல்லில் எழுதிவைத்திருக்கிறார்: ப்தா பெயரால் பொய்ச் சத்தியம் செய்தேன், பகலிலேயே இருட்டைப் பார்க்க வைத்துவிட்டார் என்று. செத்த பிறகு இதயத்தைத் தராசில் வைத்து நிறுப்பார்கள் என்பதைவிட, இந்த உடனடித் தண்டனைதான் அன்றாடம் அவர்களைப் பயமுறுத்தியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வழக்கு வந்தால் முதலாம் அமென்ஹோட்டெப்பிடம் போவார்கள். எப்போதோ செத்த மன்னர், இங்கே ஊர்த் தெய்வம். சிலையைத் தோளில் தூக்கிவரும்போது கேள்வி கேட்க வேண்டும். முன்னால் நகர்ந்தால் ஆமாம், பின்னால் போனால் இல்லை. தூக்குகிறவர்களும் ஊர்க்காரர்களே, ஆகவே யார் வீட்டில் என்ன நடந்தது என்பது சாமிக்கு முன்பே தெரிந்திருக்கும்!

மறுமையை அவர்கள் நம்பவில்லை என்று சொல்லவில்லை. இந்த ஊர்த் தொழிலாளி சென்னெஜெம் தன் கல்லறைச் சுவரில் மனைவியோடு மறுவுலகில் ஏர் உழுகிறார், அறுவடை செய்கிறார், அதுவும் பளீரென்ற வெள்ளை உடையில். கூலியாகத் தானியம் வாங்கிச் சாப்பிட்ட மனிதர் அவர். கழனியில் இறங்கியவர் யாரும் அந்த உடையை வரைந்திருக்க மாட்டார்.

அப்புறம் நௌனக்தே. ஐந்தாம் ராம்சேஸ் காலத்துக் கிழவி, எட்டுப் பிள்ளைகளைப் பெற்றவள். சாட்சிகள் முன்னால் உயில் சொன்னாள்: வளர்த்து ஆளாக்கினேன், வயதான பிறகு சிலர் என்னைக் கவனிக்கவில்லை, அவர்களுக்கு என் சொத்தில் பங்கில்லை. பெண்ணுக்குத் தனிச் சொத்தும் அதை யாருக்குத் தருவது என்ற உரிமையும் அங்கே இருந்தது. கவனித்துக்கொண்ட ஒரு மகனுக்கு மட்டும் பங்குக்கு மேல் ஒரு வெண்கலக் கிண்ணம் கொடுத்தாள்.